வரப்பு போடுவதற்கு முன்: கூடப்பிறந்தவர்களுக்குள் விவசாய நிலம் பிரிக்க ஒரு முழு வழிகாட்டி

நிலத்தைப் பிரிக்கலாம் என்று முடிவானதும் பல வீடுகளில் முதல் போன் சர்வேயருக்குத்தான் போகிறது. அளந்து, சரிசமமாகக் கல் நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. ஆனால் பிரித்த பிறகு வருகிற சண்டைகளைப் பாருங்கள். இரண்டு சென்ட் குறைந்துவிட்டது என்று வருவது கொஞ்சம்தான். கிணற்றுத் தண்ணீர் முறை, டிராக்டர் போகப் பாதை, கேட்காமலே விட்ட அக்காவின் கையெழுத்து, "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்ட வாய்ப்பேச்சு, இவற்றில்தான் அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்றுபோகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் சர்வேயர் கடைசியில்தான் வருவார். அதற்கு முன் ஆட்கள், காகிதம், தண்ணீர், பாதை, விலை என்று வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டு நிலத்தை மனதில் வைத்து எழுதியது இது. வாரிசுப் பங்கு மதத்துக்கு மதம் மாறும். கீழே சொல்வது பெரும்பாலும் இந்து வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வித்தியாசமின்றிச் சமமாக. முஸ்லிம் குடும்பத்தில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகளுக்கு ஒரு பங்கு என்றால் மகனுக்கு இரண்டு. பங்குக் கணக்கு முடிந்த பிறகு வரும் வேலைகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதல் படி: யாருக்கெல்லாம் பங்கு என்று முடிவு செய்யுங்கள்

ஒரு தாளை எடுத்துக் குடும்ப மரத்தை எழுதுங்கள். இருப்பவர்கள் மட்டுமல்ல, இறந்துபோன அண்ணனின் மனைவி, பிள்ளைகள், இறந்துபோன அக்காவின் பிள்ளைகள் எல்லோரும் அதில் வர வேண்டும். அடிக்கடி விட்டுப்போகிற ஆள் பாட்டி. அப்பா இறக்கும்போது அவருடைய தாய் உயிரோடு இருந்திருந்தால், அவரும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு சேர்ந்து முதலிலேயே பங்கு பெறுகிறவர். பின்னால் அவர் இறந்திருந்தால் அவருடைய பங்கு அத்தைகள், சித்தப்பாக்கள் பக்கமும் போகும். இதைக் கவனிக்காமல் எழுதிய பத்திரம் என்றைக்காவது ஒரு நாள் வக்கீல் கையில் மாட்டும்.

அடுத்து, நிலம் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது சுயார்ஜிதம். அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, தாய், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. அம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் ஆளுக்கு நாலில் ஒன்று, அவ்வளவுதான்.

கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. முதலில் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு நாலில் ஒன்று என்று பிரித்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அப்பாவின் அந்தக் கால் பங்கை அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போட வேண்டும். கடைசியில் அம்மாவுக்குப் பதினாறில் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பதினாறில் ஐந்து. அம்மாவின் பங்கில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பம். தாத்தாவிடமிருந்து வந்தது எல்லாமே பூர்வீகம் என்று ஊரில் சொல்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1956க்குப் பிறகு, தாத்தா தன் சொந்த நிலத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்து, அது அப்பாவுக்கு வாரிசாக வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. பேரன் பேத்திகள் பிறப்பால் அதில் பங்கு கேட்க முடியாது. எந்த வகை என்று சந்தேகம் இருந்தால், பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒரு சிவில் வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பின்னால் ஆகிற செலவோடு பார்த்தால் அவருக்குக் கொடுக்கிற பீஸ் ஒன்றுமே இல்லை.

பெண் பிள்ளைகளின் பங்கு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பெரும்பாலான வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "கட்டிக் கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பது சட்டத்தில் கணக்கே இல்லை. அப்பாவின் சுயார்ஜிதத்தில் மகளுக்குச் சமபங்கு என்பது 1956 முதலே இருக்கிறது. பூர்வீகத்தில் தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குச் சமபங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம் திருமணம் என்ற அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையோ, நீதிமன்றத் தீர்ப்பால் நடந்த பிரிவினையோ இருந்தால் அதைத் திரும்பத் திறக்க முடியாது. அன்றைக்கு வாயால் பிரித்துக்கொண்டோம் என்று இப்போது சொன்னால் எளிதில் எடுபடாது.

அக்கா தங்கைக்குத் தன் பங்கு வேண்டாம் என்றால் அதை அவரே, கணக்கு தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வந்தவரிடம் "இங்க ஒரு கையெழுத்து போடு" என்று வாங்குவது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மதிப்பு இவ்வளவு, உன் பங்கு இவ்வளவு என்று சொல்லி, அவர் நிலமாகவோ பணமாகவோ வாங்கிக்கொண்டு, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம்தான் நிற்கும். இன்னொன்று: அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய சுயார்ஜிதத்தில் "எனக்கு வருங்காலப் பங்கு வேண்டாம்" என்று மகள் எழுதிக் கொடுப்பதற்குப் பொதுவாக மதிப்பில்லை. இன்னும் கைக்கு வராத உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.

இரண்டாவது படி: காகிதங்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்

இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் முதலில் வேண்டும். இ-சேவை மையத்திலேயே மனு போடலாம். நிலத்துக்கு மூலப்பத்திரம் (நிலம் குடும்பத்துக்கு வந்த பழைய பத்திரம்), பட்டா, சிட்டா (யாருக்கு எவ்வளவு நிலம் என்ற கணக்கு), அடங்கல் (என்ன பயிர் என்ற கணக்கு), அ-பதிவேடு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று (நிலத்தின்மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்). பட்டாவும் அ-பதிவேடும் வருவாய்த் துறை இணையதளத்தில் கிடைக்கும். வில்லங்கம் பதிவுத் துறை இணையதளத்தில் கிடைக்கும். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேட வைக்க வேண்டும்.

சேர்த்தபின் பத்திரத்தில் இருக்கும் அளவும் பட்டாவில் இருக்கும் அளவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பத்திரம் ஏக்கர் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர் ஏரில் பேசும். 1 ஏர் என்பது 2.47 சென்ட். பட்டாவில் 0.81 ஹெக்டேர் என்று இருந்தால் அது 2 ஏக்கர். டெல்டா பக்கம் பழைய பத்திரங்களில் மா, வேலி என்று இருக்கும். 1 மா ஏறக்குறைய 33 சென்ட், 20 மா ஒரு வேலி. 1980களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவில் பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் ஏராளம். அப்படி உங்கள் நிலத்தில் இருந்தால், பிரிப்பதற்கு முன்னாலேயே திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பட்டாவில் இருக்கும் தப்பைப் பிரித்தால் நாலு பட்டாவில் தப்பு இருக்கும், திருத்த நாலு பேரும் அலைய வேண்டும்.

நீங்கள் உழுகிற இடம் முழுவதும் உங்கள் பட்டாவில் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஓடைப் புறம்போக்கில் பத்து சென்ட் சேர்ந்திருந்தால் அதைப் பங்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். யார் பங்கில் அது விழுகிறதோ அவர் ஒரு நாள் இழப்பார். பஞ்சமி நிலம் (வெள்ளைக்காரர் காலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது), நிபந்தனைப் பட்டா நிலம் (அரசு நிபந்தனையோடு கொடுத்தது) என்றால் வக்கீலைக் கேட்காமல் ஒரு அடிகூட நகராதீர்கள்.

கடன்களையும் அதே தாளில் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், வங்கி அடமானம், யாரிடமாவது போக்கியம், குத்தகை எல்லாம். வில்லங்கத்தில் வராத கைமாற்றுக் கடனை அம்மாவிடமோ அண்ணனிடமோ நேராகக் கேட்டு, எல்லோர் முன்னாலும் எழுதிவிடுவது நல்லது.

மூன்றாவது படி: எல்லோரும் சேர்ந்து நிலத்தில் நடங்கள்

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் ஊரில் இருப்பவர் சொல்வதுதான் எடுபடும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எந்த வயல் எங்கே என்றே மறந்திருக்கும். ஒரு நாள் காலையில் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மருமக்களும் விரும்பினால் சேர்ந்து, எல்லையோடு நடங்கள். ரோட்டு முகப்பு எத்தனை அடி, தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும், எந்த மூலை மழைக்குத் தேங்கும், எங்கே பாறை, எங்கே கரிசல், தலைமடை எது, கடைமடை எது, தென்னை எத்தனை, அதில் காய்ப்பது எத்தனை, வரப்போரத் தேக்கு எத்தனை என்று ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும். குலசாமி கோயில், சமாதி இருந்தால் அதையும், அதற்குப் போகிற வழியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போதே இன்னொரு விஷயமும் பேசிவிடுங்கள். அப்பா காலத்துக்குப் பிறகு யார் சொந்தக் காசு போட்டு போர் போட்டார், சொட்டுநீர் போட்டார், தென்னை வைத்தார்? நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் இத்தனை வருஷம் விளைச்சலை அனுபவித்தார் என்பது உண்மை. அவர் போட்ட செலவும் உண்மை. இரண்டையும் பழைய கணக்கு, புதுக் கணக்கு என்று கிளறிக்கொண்டே போனால் முடிவே வராது. இன்றைக்கு நிற்கிற போருக்கும் மரத்துக்கும் ஒரு மதிப்புப் போட்டு, போட்டவருக்கு அதைக் கழித்துக் கொடுத்துவிட்டு, பழைய வெள்ளாமையை விட்டுவிடுவதுதான் நடைமுறையில் வேலைக்காகும்.

நான்காவது படி: பரப்பைப் பிரிக்காமல் மதிப்பைப் பிரியுங்கள்

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மா, ஊரில் விவசாயம் பார்க்கும் அண்ணன், திருப்பூரில் இருக்கும் தங்கை, சென்னையில் வேலை பார்க்கும் தம்பி. அப்பாவின் சுயார்ஜிதம். பாதைக்கு ஒதுக்கியது போக நிலம் 6 ஏக்கர். ரோட்டோரம் 1 ஏக்கர், நடுவில் கிணற்றுப் பாசனத் தென்னந்தோப்பு 2.5 ஏக்கர், பின்னால் மானாவாரி 2.5 ஏக்கர். ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் என்று பிரித்தால் மானாவாரி விழுந்தவர் கதி என்ன?

அக்கம்பக்கத்தில் நடந்த உண்மையான கிரயத்தை விசாரித்து விலை வைக்கிறார்கள். ரோட்டோரம் ஏக்கர் 60 லட்சம், தோப்பு கிணற்று உரிமையோடு 40 லட்சம், மானாவாரி 20 லட்சம். மொத்தம் 60, 100, 50 என்று 210 லட்சம். ஆளுக்கு 52.5 லட்சம். அண்ணனுக்குத் தோப்பு 1.25 ஏக்கர், அதன் மதிப்பு 50 லட்சம். அம்மாவுக்கும் பக்கத்திலேயே தோப்பு 1.25 ஏக்கர், 50 லட்சம். தங்கைக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ரோட்டோரம் அரை ஏக்கரும் மானாவாரி 1.25 ஏக்கரும், 55 லட்சம். தங்கையும் தம்பியும் ஆளுக்கு இரண்டரை லட்சம் போட்டு, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இரண்டரை லட்சம் கொடுத்தால் நான்கும் சமம். பரப்பு ஒருவருக்கு 1.25, இன்னொருவருக்கு 1.75 ஏக்கர். யாருக்கும் நஷ்டமில்லை.

விலை வைக்கும்போது அரசின் வழிகாட்டி மதிப்பை எடுக்காதீர்கள். அது முத்திரைத் தீர்வைக்கு உதவும்; ஒரே சர்வே எண்ணில் மேடும் பள்ளமும் ஒரே விலையாக அதில் இருக்கும். விலையில் ஒத்துப்போகவில்லை என்றால், ஊரில் நிலம் வாங்கி விற்றுப் பழகிய, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டுச் சராசரி எடுங்கள்.

பெரியவர் பங்கு போட வேண்டும், சின்னவர் முதலில் எடுக்க வேண்டும் என்று பல ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல வழக்கம். தனக்குக் கடைசியில் எது வரும் என்று தெரியாதவர் பங்கைச் சரியாகத்தான் போடுவார். பங்குகள் மதிப்பில் சமமானபின் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு எடுப்பதும் சரிதான். மதிப்பைச் சமமாக்காமல் சீட்டுக் குலுக்குவது மட்டும் வேண்டாம், அது சூதாட்டம்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்களே எடுத்துக்குங்க" என்று அம்மா சொல்வார். என் அபிப்பிராயம்: அதைக் கேட்காதீர்கள். அம்மா பெயரில் அவர் பங்கு தனியாக, தனிப் பட்டாவோடு இருக்கட்டும். அவருக்குப் பிறகு அது பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக வரும், வேறுவிதமாக விரும்பினால் அவர் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. ஒருவேளை அவர் பிள்ளைக்குத் தானமாகவே எழுதிக் கொடுப்பதாக இருந்தால், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், அப்படிப் பராமரிக்காவிட்டால் தானத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது.

ஐந்தாவது படி: கிணறு, பாதை, வரப்பு

நிலத்தை நீளவாக்கில் நாலாகக் கிழிப்பது ரொம்பச் சுலபமாகத் தோன்றும். 100 அடி அகல நிலத்தில் ஆளுக்கு 25 அடி வரும். தென்னைக்கு இடைவெளியே 25 அடி. அதாவது ஆளுக்கு ஒரு வரிசை மரம், மட்டை விழுவது பக்கத்துப் பங்கில். டிராக்டர் திரும்ப இடமில்லை. மூன்று புது வரப்பும் நிலத்தைத் தின்னும். துண்டு அகலமாகவும் சதுரத்துக்கு நெருக்கமாகவும் வருகிறபடி பிரித்து, வித்தியாசத்தைப் பணத்தில் சரிக்கட்டுவதே மேல்.

பாதையை மொத்த நிலத்திலிருந்து முதலிலேயே எடுத்து வையுங்கள். பின்னால் நிலம் இருப்பவருக்கு முன்னால் இருப்பவர் "விட்டுக்கொடுப்பதாக" வைத்தால், அது காலம் முழுக்கக் கடன் மாதிரி ஆகிவிடும். மாட்டுவண்டி காலத்து எட்டடி இன்றைக்குப் போதாது. அறுவடை இயந்திரமும் தேங்காய் லாரியும் வர 12 அடியாவது வேண்டும். 435 அடி நீளத்துக்கு 12 அடிப் பாதை போட்டால் சுமார் 12 சென்ட் போகும். போகட்டும். பாதை இல்லாத நிலத்தை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள்.

தண்ணீரில்தான் எழுத்து மிகத் தெளிவாக இருக்க வேண்டும். கிணறு யாருடைய துண்டில் இருக்கிறது, யார் யாருக்குப் பாகம், எத்தனையில் எத்தனை? முறையை மணிக்கணக்கில் வைக்காமல் நாள் கணக்கில் வையுங்கள். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று மாறிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் வைத்தால் ஒருவருக்கு எப்போதும் கரண்ட் இல்லாத நேரமே வாய்க்கும். மோட்டார் காயில் எரிந்தால் யார் செலவு, தூர் வாரும் செலவு எப்படி, பைப் லைன் அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போனால் உடைப்பைச் சரிசெய்ய உள்ளே போகலாமா என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். பொதுக் கிணற்றிலிருந்து இத்தனை அடிக்குள் யாரும் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கிணறு வற்றுவதும் உறவு வற்றுவதும் சில ஊர்களில் ஒன்றாக நடப்பது இதனால்தான்.

நம் கற்பனைக் குடும்பத்துக்கு அந்த வரிகள் இப்படி இருக்கலாம் (ஷெட்யூல் என்பது பத்திரத்தில் சொத்தை விவரிக்கும் பட்டியல்; இங்கே பி, சி ஷெட்யூல்தாரர் என்பது தோப்பு வாங்கிய அண்ணனும் அம்மாவும்):

"மேற்படி புல எண்ணில் உள்ள கிணறு, அதில் பொருத்திய மின் மோட்டார், மின் இணைப்பு, மோட்டார் ரூம், பைப் லைன் ஆகியவற்றில் பி ஷெட்யூல்தாரருக்கும் சி ஷெட்யூல்தாரருக்கும் சரிபாதி பாத்தியம். நாள் விட்டு நாள், காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை ஒருவர் முறை. பழுது, தூர் வாரும் செலவு இருவரும் சமமாகப் போட்டுக்கொள்ள வேண்டியது. தெற்கு வடக்காக உள்ள 12 அடி அகலப் பாதை நால்வருக்கும் பொது. அதில் யாரும் வேலி, கட்டடம் வைக்கக் கூடாது."

பிரிக்காமலே இருக்கலாமா?

இருக்கலாம். ஒன்றரை ஏக்கர் நிலத்தை ஐந்து பேர் பிரித்தால் ஆளுக்கு 30 சென்ட், யாருக்கும் பிரயோஜனமில்லை. அப்போது ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது நல்ல வழி. மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் இரண்டு மூன்று வருஷத் தவணை பேசலாம். ஆனால் பணம் முழுவதும் கைக்கு வருமுன் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், வெளியாளுக்கு முன் மற்ற வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது.

வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் பங்கை ஊரில் இருக்கும் அண்ணனுக்கே குத்தகைக்கு விடலாம். பாகம் பிரித்து, பட்டா மாற்றிய பிறகு விடுங்கள். எழுத்தில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற மாதிரி இருக்கட்டும். உறவுதானே என்று வாயோடு விட்டால், சில வருஷம் கழித்து அது குத்தகையா, அனுபவமா, பங்கா என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஆறாவது படி: கூர்சீட்டோடு நிற்காதீர்கள், பத்திரம் எழுதுங்கள்

வெள்ளைத்தாளில் கூர்சீட்டு, அதாவது யாருக்கு எந்தப் பங்கு என்ற பதிவாகாத எழுத்து, எழுதி, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து வாங்கி, முப்பது வருஷம் அனுபவித்து வருகிற குடும்பங்கள் நிறைய உண்டு. ஏற்கனவே வாய்மொழியாக நடந்து முடிந்த பிரிவினையின் நினைவுக்குறிப்பு என்ற அளவில் அதற்கு ஒரு இடம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் "இதன்மூலம் இன்று பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதிய தாள் பதிவாகாமல் இருந்தால், உரிமையை நிரூபிக்க அதை நீதிமன்றம் ஏற்காது. அதை வைத்துத் தனிப் பட்டா வாங்கவும், வங்கியில் கடன் வாங்கவும் முடியாமல் அல்லாட வேண்டியிருக்கும். கூர்சீட்டைப் பத்திரத்துக்கு முன் எழுதும் வரைவாக வைத்துக்கொள்ளுங்கள், நாலு மாசத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஏ ஷெட்யூலில் மொத்தச் சொத்து, அதற்கடுத்த ஷெட்யூல்களில் ஒவ்வொருவர் பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு பக்கச் சக்குபந்தி (எல்லை விவரம்), அடியளவு, மரங்கள், கிணற்றுப் பாகம், பாதை உரிமை தனித்தனியாக வேண்டும். சமன் செய்யக் கைமாறிய பணம் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வங்கி வழியாக என்பதையும் எழுதுங்கள். தனியார் சர்வேயரை வைத்து முன்கூட்டியே அளந்து, கல் போட்டு, வண்ண வரைபடம் ஒன்றை எல்லோரும் கையெழுத்திட்டு இணைத்தால் பிறகு வாய்ச்சண்டைக்கு இடமில்லை. பத்திர எழுத்தர் பழைய நகலை அப்படியே அடித்துக் கொடுப்பார். வரைவை வீட்டுக்கு எடுத்துவந்து ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுச் சரிபாருங்கள்.

பங்குதாரரில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால், உதாரணமாக இறந்த அண்ணனின் பிள்ளைகள் இருந்தால், அவசரப்படாதீர்கள். அந்தப் பிள்ளையின் பங்கு ஒரு சென்ட்கூடக் குறையக் கூடாது; பங்கை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். பாதகமான பிரிவினையை வயது வந்தபின் அவர் எதிர்த்து வழக்குப் போட முடியும். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் கையெழுத்திட்டு அனுப்பலாம்; இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

ஏழாவது படி: பதிவு

நிலம் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கே பதிவு. 2023 ஜூலை 10 முதல் நடைமுறையில் உள்ள கட்டணப்படி, குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், பங்கு ஒன்றுக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். விடுதலைப் பத்திரத்துக்கும் தானசெட்டில்மென்ட்டுக்கும் இதே உச்சவரம்புதான். போகும் வாரத்தில் பதிவுத் துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள், கட்டணம் மாறியிருக்கலாம். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்து ஒரே பத்திரமாக எழுதுவதாக இருந்தால், "குடும்பம்" என்ற வரையறைக்குள் அவர்கள் வருகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; வெளியே என்றால் தீர்வை பல மடங்கு.

பத்திரத்தை ஒரு அசல், மற்றவர்களுக்கு டூப்ளிகேட் என்று ஒரே நாளில் பதிவு செய்துகொள்ளுங்கள். தாய்ப்பத்திரம் யாரிடம் இருக்கும், மற்றவர் கேட்டால் காட்ட வேண்டும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதலாம்.

எட்டாவது படி: உட்பிரிவு, தனிப் பட்டா, மற்றப் பெயர் மாற்றங்கள்

பதிவோடு வேலை முடியவில்லை. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க வேண்டும். 125/2 என்ற புலம் 125/2அ, 125/2ஆ என்று பிரியும். அரசு நில அளவர் வரும் நாளில் எல்லோரும், முடியாவிட்டால் ஆளுக்கு ஒருவராவது அங்கே இருங்கள். அவர் நடும் கல்லும் பத்திரத்து அளவும் பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். புதுப் பட்டா வந்ததும் பெயர், தந்தை பெயர், பரப்பு, புலப்படத்தில் கோடு எல்லாம் சரியா என்று பார்த்து, தப்பு இருந்தால் உடனே மனுப் போடுங்கள். வட்டாட்சியர் உத்தரவில் குறை இருந்தால் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாதையைத் தனி உட்பிரிவாகப் பொதுப் பெயரில் வைக்க முடிந்தால் அதைவிட நிம்மதி இல்லை.

இலவச மின் இணைப்பு அப்பா பெயரிலேயே கிடந்தால் மாற்றுங்கள். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். எல்லோரும் பத்திரப் பதிவுக்குக் கூடியிருக்கும் அன்றைக்கே அதிலும் கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னொரு அலைச்சல் மிச்சம். கூட்டுறவுச் சங்கம், பயிர்க் காப்பீடு, சொட்டுநீர் மானியம் எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரில் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு இடமில்லை என்றாலும், உரிமையாளர் இறந்து வாரிசாக நிலம் வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கும் இந்தப் பட்டாதான் ஆதாரம்.

பேச்சு முறிந்துவிட்டால்

நேராகப் பாகப்பிரிவினை வழக்குக்குப் போகாமல், தாலுகா அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுங்கள். அங்கே லோக் அதாலத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. செலவும் இல்லை.

வழக்குதான் என்றால் இரண்டு கட்டம் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதல் நிலைத் தீர்ப்பு யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். அதன்பிறகு வக்கீல் ஆணையர் நிலத்துக்கு வந்து அளந்து அறிக்கை கொடுத்து, அதன்மேல் ஆட்சேபம் கேட்டு, அப்புறம்தான் இறுதித் தீர்ப்பு. நிலம் பிரிக்கவே முடியாத அளவு சின்னது என்றால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதியோ அதற்கு மேலோ பங்கு உள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லலாம். கூட்டுச் சொத்திலிருந்து உங்களை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்தால், அந்த நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். நோட்டீஸ், கடிதம், வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் அந்தத் தேதி தெரிகிறபடி எடுத்து வைத்திருங்கள்.